எதிர்ச்சுவர் மதாம்

நாலரை மணிக்கு அத்தை வந்து மதாமைச் சுவரிலிருந்து இறக்கிவிடுவார், இப்போது மூன்று பத்து, நடுவில் ஒரு மணி இருபது நிமிடம் இருக்கிறது, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிப் படத்தின் முதுகுப்பக்கம் கையை விட்டு அந்தச் சீட்டை உருவ ஒரு நிமிடம் போதும், ஆனாலும் நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தூளியை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். ரொசாலி தூங்கிப் பத்து நிமிடம் ஆகிறது. ஆட்டத் தேவையே இல்லை, கை தானாக ஆட்டுகிறது. தூளிக் கொக்கி ஒவ்வொரு தடவையும் கிறீச்சிடுகிறது. எண்ணெய் விடணும் எண்ணெய் விடணும் என்று என் கணவர் தெனிஸ் நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அந்தச் சத்தம் ஆகாது, அத்தைக்கு ஆகாது, எனக்குப் பல் கூசும், அதற்கு நேர் கீழே தூங்குகிறவளை மட்டும் அது ஒன்றும் செய்வதில்லை. இதை நினைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன். நினைக்கக் கூடாது என்று வைத்த எல்லாமே இந்த மத்தியான நேரத்தில்தான் வரிசை கட்டிக்கொண்டு வருகின்றன. சாப்பிடும்போது அத்தை சொன்னார், மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டே சொன்னார், "அஞ்சு மணிக்கு அந்தப் பாரீஸ் அம்மா வர்றாங்க. இங்க இருக்கற பழைய படத்தையெல்லாம் வீடு வீடாப் பாத்து எழுதுறாங்களாம். மதாமைப் பாக்கணுமாம், முன்னாடி பின்னாடி எல்லாம் பாக்கணுமாம். நாலரைக்கு நான் வந்து கழட்டுறேன். நீ ஸ்டூல்ல ஏறித் தொலைக்காத, அறுத்த வயிறு." முன்னாடி பின்னாடி எல்லாம். பின்னாடி என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பழுப்புக் காகிதம் ஒட்டிய முதுகு, அதன் கீழ்மூலையில் ஒரு கிழிசல், கிழிசலின் மேல் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி, பிளாஸ்திரிக்கு உள்ளே நாலாக மடித்த மஞ்சள் சீட்டு. சீட்டில் என் பெயர், பிளாந்தின், வயது இருபத்து நான்கு, பெண் குழந்தை, பிறந்த மூன்றாம் நாள், வலது காது, இடது காது, இரண்டுக்கும் எதிரே ஒரே மாதிரி சிவப்புப் பேனாவில் ஒரு குறி, கீழே, ஒரு மாதத்தில் மறுபரிசோதனைக்கு அவசியம் வரவும். அவசியம் என்ற சொல்லுக்குக் கீழே கோடு. நாலு மாதம் ஆகிவிட்டது.

மதாம் என்னைப் பார்க்கிறாள். ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் உயரம், அதற்குள் ஒரு பெண். மெல்லிய பலகையில் வரைந்தது, துணியில் இல்லை. கறுப்பு உடை, கழுத்தில் அகலமில்லாத வெள்ளைக் காலர், நடு வகிடு எடுத்துக் காதுகளை மூடி இறக்கிவிட்ட தலைமுடி, ஒரு நகை கிடையாது. இடதுபக்கமிருந்து வெளிச்சம் வந்து ஒரு கன்னத்தில் மட்டும் விழுகிறது, நம் வீட்டு ஜன்னலும் இடதுபக்கம்தான், அதனால் மழைநாளில் அவள் முகமும் இருண்டுபோவதுபோல இருக்கும். தெனிஸின் கொள்ளுத்தாத்தா ஒரு பிரெஞ்சு நீதிபதியிடம் எழுத்தராக இருந்தாராம், நீதிபதி கப்பலேறுகிற அன்றைக்குக் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். நீதிபதியின் மனைவி என்று இந்த வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். விருந்தாளி கொஞ்சம் பெரிய இடம் என்றால் அத்தை அவளைப் பிரபு வீட்டுப் பெண் ஆக்கிவிடுவார். கூடத்தில்தான் அவளுக்கு இடம். ஆனால் இந்த வீட்டில் ஒரு பெண் உண்டானால் மூன்றாம் மாதம் மதாம் கூடத்திலிருந்து கிளம்பி அந்தப் பெண்ணின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் வந்து உட்காருவாள். காலையில் கண் விழித்ததும் முதலில் மதாம் முகம். அப்புறம்தான் சிலுவை போட்டுக்கொள்வது, காபி, எல்லாம். பிள்ளை மதாம் நிறத்தில் பிறக்கும். முதல் பல் முளைக்கிறவரை அவள் அங்கேயே இருக்க வேண்டும், அப்போதுதான் வந்த நிறம் தங்குமாம். தெனிஸின் பாட்டி பார்த்தார், அத்தை பார்த்தார், நான் பார்த்தேன். தெனிஸ் நல்ல கறுப்பு. அவரே சொல்லிச் சிரிப்பார், "எங்கம்மா ஒம்பது மாசமும் கண்ணை மூடிக்கிட்டே எந்திரிச்சிருப்பாங்க." அத்தை விடமாட்டார், "போடா, உன் அப்பன் முகம் நடுவுல வந்து வந்து மறைச்சிது." நானும் சிரித்தேன். கான்வென்டில் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவளா நான். நம்பவில்லை. ஆனாலும் பார்த்தேன். பார்க்காமல் எப்படி இருப்பது, எதிரே இருக்கிறாள். அத்தை நிறத்தைத்தான் பார்த்திருப்பார், பாட்டியும் அப்படித்தான். நான் முகத்தைப் பார்த்தேன். வாந்தி எடுத்துவிட்டு வந்து படுத்த காலைகளில் அவளோடு பேசக்கூடச் செய்தேன், போன்ழூர் மதாம், இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள், எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. அவள் கண் என் கண்ணுக்கு வராது. ஒரு விரல்கடை கீழேயே நிற்கும். வாயில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று நான் புறங்கையால் துடைத்துக்கொள்வேன். ஒருநாள் உண்மையாகவே இட்லிப்பொடி ஒட்டியிருந்தது. அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், உள்ளே அவள் உதைத்தாள், அதுதான் முதல் உதை.

முதல் உதை. அப்போது அவளுக்கு நான் சிரித்தது கேட்டிருக்குமா. ஐந்தாம் மாதத்திலேயே காது கேட்கும் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் படம் போட்டு எழுதியிருந்தது, அம்மாவின் குரலைக் குழந்தை கேட்கிறது, நல்ல பாட்டு கேளுங்கள். அந்தப் படத்துக்குக் கீழேதான் என் கட்டில், அந்தக் கட்டிலில்தான் அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தேன், மூன்றாம் நாள், தையல் இழுத்துக்கொண்டிருந்தது. தெனிஸ் மருந்துக்கடையில். அத்தை பிளாஸ்கை எடுத்துக்கொண்டு காபிக்குப் போயிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒரு பெண் வந்து, என்னைவிட வயது குறைவாக இருக்கும், சின்ன மொட்டு மாதிரி ஒன்றைக் குழந்தையின் காதில் வைத்துவிட்டுக் கையிலிருந்த கருவியையே பார்த்தாள். எடுத்தாள், துடைத்தாள், திரும்ப வைத்தாள். மற்ற காது. திரும்பவும் முதல் காது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தில் ஒன்றும் இல்லை, அந்த ஒன்றும் இல்லாததுதான் என்னவோ செய்தது. "ரெண்டு காதும் வரலைக்கா," என்றாள். "உள்ள தண்ணி இருக்கும். நிறையப் பிள்ளைங்களுக்கு இருக்கும். ஒரு மாசத்துல கூட்டிட்டு வாங்க, மறுபடி பாத்துரலாம். பயப்படாதீங்க." பயப்படாதீங்க என்று அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பயப்பட்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். சீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அந்த நொடியில்தான் அத்தை பிளாஸ்கோடு உள்ளே வந்தார், சீட்டு என் கையில், சொல்ல வாயைத் திறந்தேன், திறந்த வாய்க்கு முன்னால் அத்தை குனிந்து குழந்தையின் தலைத்துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, "காதைப் பாருடி, சங்கு மாதிரி. இது எங்க வீட்டுக் காது," என்றார். நான் சீட்டைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அவ்வளவுதான். பொய் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீ ஸேர் எமிலியென் சொல்வார், வாயால் செய்கிற பாவத்தைவிட வாயை மூடிக்கொண்டு செய்கிற பாவம் கனம், ஏனென்றால் அதைச் செய்து முடித்த நேரம் என்று ஒன்று கிடையாது, செய்துகொண்டேயிருப்போம். பதினோரு வயதில் இது எங்களுக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாந்தல் என் காதில், அப்படின்னா மௌன விரதம் இருக்கற ஸேர் எல்லாம் நரகத்துக்கா, என்றாள், இரண்டு பேரும் முட்டி போட்டோம்.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். தலையணைக்கு அடியில் வைத்தது பைக்குள், பைக்குள் இருந்தது துணிக்குள், எங்கே வைத்தாலும் அத்தை மடித்து வைக்க எடுப்பார், உதறுவார், துவைப்பார். எல்லாவற்றையும் எல்லோரும் தொடுகிற வீட்டில் யாரும் தொடாத ஒன்று மதாம்தான். அத்தை குளிக்கப்போன நேரம் ஸ்டூலில் ஏறினேன், தையல் பிடித்து இழுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டு சட்டத்தைச் சுவரிலிருந்து எடுத்துத் திருப்பி, பழுப்புக் காகிதத்தின் மூலையில் ஏற்கெனவே இருந்த கிழிசலுக்குள் சீட்டைத் தள்ளினேன். காகிதம் பழசு, அப்பளம் மாதிரி, இன்னும் கொஞ்சம் கிழிந்து மடங்கியது. பலகையில் எழுத்து இருந்தது. மை, பழுப்பாகிப்போன மை, சாய்ந்த கையெழுத்து, மூன்று வரி, ஒரு வருடம், 1867. இந்த வீட்டில் அதுவரை யாரும் படித்திராத மூன்று வரி. அத்தைக்குப் பிரெஞ்சு என்றால் போன்ழூர், மெர்சி, கோபம் வந்தால் ஒரு கெட்ட வார்த்தை. எனக்குத்தான் படிக்க வரும். தலையெழுத்து. படித்தேன், என் தங்கை அதேல். பிறவியிலேயே செவிடு. நான் பேசுவதைப் பார்க்கிறாள். நீதிபதியின் மனைவி இல்லை, பிரபு வீட்டுப் பெண் இல்லை, யாரோ ஒருவனின் தங்கை. முதல் வரியில் எனக்குச் சிரிப்பு வந்தது, இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன். மூன்றாவது வரி கண்ணில் பட்டது, உள்ளே போகவில்லை. குளியலறைக் கதவுத் தாழ் விலகும் சத்தம். என் காயத்துக்குப் போட வைத்திருந்த பிளாஸ்திரியைப் பல்லால் கிழித்து ஒட்டினேன், மாட்டினேன், இறங்கினேன், படுத்தேன். மதாம் மேலிருந்து பார்த்தாள். கண் என் கண்ணுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து இந்த இரண்டாவது வரிதான். தூங்கும்போது, பால் கொடுக்கும்போது, துணி காயப்போடும்போது, பிறவியிலேயே, பிறவியிலேயே. ஆறு மாதம் நாள் தவறாமல் நான் கண் விழித்தது அந்த முகத்தில். நிறத்துக்காக மாட்டினார்கள், நிறம் வரவில்லை, ரொசாலி என் நிறம்தான், வேறென்ன வந்தது. ஒரு படத்திலிருந்து ஒரு பிள்ளைக்கு ஒன்றும் வராது. தெரியும். வருமென்றால் தெனிஸுக்கும் வந்திருக்க வேண்டும், அடுத்த தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்தால் அவருக்குக் கேட்கும். வாதம் சரிதான். ஆனால் அத்தை நிறத்தைப் பார்த்தார், நான் முகத்தைப் பார்த்தேன், நான் பேசினேன், காது கேளாதவளோடு காலை காலையாகப் பேசியது நான் மட்டும்தானே என்று பயம் எதிர்வாதம் செய்கிறது, பயத்துக்கு எப்போதுமே கடைசியாக ஒரு வார்த்தை இருக்கிறது. கான்வென்டில் எனக்குப் பரிசு எதற்கு என்றால் கேட்டெழுதுவதற்கு. ஸேர் எமிலியென் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே வாசிப்பார், ஜெபமாலை இடுப்பில் இடித்து இடித்துச் சத்தம் போடும், ஒரு தடவைதான் வாசிப்பார், நான் ஒரு எழுத்து விடமாட்டேன், மூன்று வருடம் தொடர்ந்து முதல் பரிசு. பிளாந்தினுக்கு முயல் காது என்று பெயர். முயல் காதின் மகள். ஸ்டீல் தட்டைக் கீழே போட்டுப் பார்த்தேன், துடித்து விழித்தாள், முழங்கால் போட்டு நன்றி சொன்னேன், பிறகு தட்டு விழுந்த இடம் கட்டில் கால் என்று புரிந்தது, கட்டில் அதிர்ந்திருக்கும். தலையணைமேல் வைத்துக் கைதட்டினேன், ஒன்றுமில்லை. கைதட்டும்போது என் நிழல் விழுந்த அன்று திரும்பினாள், நிழல் விழாமல் தட்டிய அன்று திரும்பவில்லை. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினான்குக்கு முந்தின சாயங்காலம் கடற்கரையில் வாணவேடிக்கை, நம் வீடு நாலு தெரு தள்ளி, ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கியது, பக்கத்து வீட்டு நாய் எங்கள் மாடிப்படிக்கு அடியில் வந்து ஒளிந்தது, அத்தையின் தோளில் ரொசாலி தூங்கிக்கொண்டேயிருந்தாள். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார், "பட்டாசுக்கு அசையுதா பாருங்க. சொல்தா வம்சம், பட்டாளத்து ரத்தம். இவ பாட்டனுக்குப் பாட்டன் பீரங்கிக்குப் பக்கத்துல படுத்துத் தூங்குனவன்." எழுத்தர் வீட்டில் பீரங்கி எங்கிருந்து வந்தது என்று தெனிஸ் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுப்பை அணைக்கப் போகிறேன் என்று உள்ளே போனேன், அடுப்பு எரியவே இல்லை.

மூன்று இருபத்தைந்து. எழுந்து போய் எடுத்துவிடலாம். எடுத்து எங்கே வைப்பது. கிழித்துப் போட்டுவிடலாம், அப்புறம் அந்தச் சீட்டு இல்லை, அந்தப் பெண் இல்லை, தண்ணி இருக்கும் நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கும். போனில் பார்த்தேன், பார்த்துவிட்டு அழித்தேன், அழித்துவிட்டு மறுபடி பார்த்தேன், எந்த மொழியில் கேட்டாலும் ஒரே பதில், சீக்கிரம், ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்து ஆரம்பித்துவிட்டால் நல்லது, கருவி இருக்கிறது, அறுவை சிகிச்சை இருக்கிறது, கையால் பேசக் கற்றுக்கொள்ளலாம், எதுவானாலும் சீக்கிரம், தாமதிக்கிற ஒவ்வொரு வாரமும். அந்த வாரங்களைத்தான் நான் பலகைக்கும் காகிதத்துக்கும் நடுவில் ஒவ்வொன்றாகச் சொருகிக்கொண்டிருக்கிறேன். ஒரு மாதம் முடிந்தபோது நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன், நாளைக்கு ஞானஸ்நானத்துக்கு ஆள் வந்துவிட்டார்கள். இரண்டு மாதம் முடிந்தபோது, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் சேர்ந்துகொண்டது. மூன்று மாதத்தில் முதல் பயத்தைவிட இரண்டாவது பயம் பெரிதாகிவிட்டது. தெனிஸ் கத்தமாட்டார். கத்தமாட்டார் என்பதுதான். சாப்பிட்டுக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். அத்தை கத்துவார், ஊர் கேட்கக் கத்துவார், உங்க வீட்ல யாருக்குடி இருக்கு, கலியாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்க வேணாமா. கிழித்துப் போடப் போவதில்லை என்று எனக்குத் தெரிகிறது. கிழிப்பதாக இருந்தால் இந்நேரம் கிழித்திருப்பேன். அந்தப் பாரீஸ் அம்மா பிளாஸ்திரியைப் பிரிக்கட்டும், சீட்டு கீழே விழட்டும், யாராவது எடுத்துப் படிக்கட்டும், நான் ஒன்றும் சொல்ல வேண்டாம், அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேனா. எவ்வளவு சாமர்த்தியம். தெரியாத ஒரு பெண்மணி வந்து என் பிள்ளையைப் பற்றி என் மாமியாரிடம் சொல்ல வேண்டும், நான் தூளியை ஆட்டிக்கொண்டிருப்பேன்.

கரன்ட் போய்விட்டது. விசிறி ஒரு சுற்று, இன்னொரு அரைச்சுற்று, நின்றது. இவ்வளவு நேரம் விசிறி எதையெல்லாம் மூடி வைத்திருந்தது என்று அது நின்றால்தான் தெரிகிறது. கூடத்தில் அத்தையின் குறட்டை, தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைக்கிறார்கள், கிளம்பவில்லை, எங்கோ குழாய் சொட்டுகிறது, ஒரு காகம், தூரத்தில் கடல், கடல்தான் என்று நினைக்கிறேன். என் அறையில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. இந்த அறையில் பேச்சுச் சத்தம் இருந்து நாளாகிறது என்று இப்போதுதான் எனக்குத் தட்டுகிறது. வயிற்றில் இருந்தபோது பேசினேன், பாடினேன், படத்தோடுகூடப் பேசினேன். வீட்டுக்கு வந்த ஆறாம் நாளிலிருந்து இவளுக்குப் பால் கொடுக்கிறேன், துடைக்கிறேன், பவுடர் போடுகிறேன், துணி மாற்றுகிறேன், எல்லாம் வாயை மூடிக்கொண்டு. யாராவது அறையில் இருந்தால் அவர்கள் காதுக்காகச் சொல்வேன், என் கண்ணு என் தங்கம் என்று, அவர்கள் போனதும் நிறுத்திவிடுவேன். கேட்காதவளிடம் பேசி என்ன. அப்படி ஒரு வாக்கியமாக நான் நினைத்ததில்லை. வாய் தானாக முடிவு செய்துவிட்டது. அத்தை ஒருநாள், "என்னடி ரெண்டு பேரும் பூசை வேளை மாதிரி உக்காந்திருக்கீங்க," என்றார், நான் தலைவலி என்றேன்.

வேர்த்து விழித்துவிட்டாள். அழவில்லை, தூளித் துணிக்குள் கால்கள் உதைப்பது புடைத்துத் தெரிகிறது. எடுத்தேன். கழுத்து மடிப்பெல்லாம் ஈரம், பால் புளித்த வாசனை, கன்னத்தில் தூளியின் நெசவு பதிந்திருக்கிறது. தொடைமேல் மல்லாத்திப் போட்டுக்கொண்டு முந்தானையால் விசிறினேன். எப்போதும்போல என்னைப் பார்த்தாள். கண்ணுக்கு வரவில்லை. ஒரு விரல்கடை கீழே. நான் புறங்கையால் வாயைத் துடைத்தேன். துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது. வாயைத் துடைக்கிறேன். ஏன் துடைக்கிறேன். இந்தக் கை இதற்குமுன் எப்போது இப்படி, எந்தக் காலையில், யார் பார்த்து. நிமிர்ந்தேன். மதாம், இல்லை, அதேல், அங்கிருந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கறுப்பு உடையில், ஒரு கன்னத்து வெளிச்சத்தோடு, உதடு இரண்டும் ஒட்டாமல் ஒரு நூல் பிரிந்து, எதிரே இருப்பவர் சொல்லிக்கொண்டிருக்கிற சொல்லைத் தன் உதட்டிலும் ஒருமுறை வைத்துப் பார்ப்பவள்போல. நான் பேசுவதைப் பார்க்கிறாள். மூன்றாவது வரி. கேட்டெழுதுவதில் ஒரு எழுத்து விடாத முயல் காது, எழுதி வைத்திருந்ததை ஒரு வரி விட்டுவிட்டுப் படித்திருக்கிறது. இந்த முகம் இப்படி இருக்க வேண்டுமென்றால் அவன் பேசியிருக்க வேண்டும். ஒருநாள் இல்லை, இவ்வளவு சின்னப் படமானாலும் எத்தனை நாள் ஆகியிருக்கும், கன்னத்துக்கு ஒருநாள், காலருக்கு ஒருநாள், தலைமுடிக்கு எத்தனை நாளோ. வாயை மூடியிருந்தால் அவள் கண் ஜன்னலுக்குப் போயிருக்கும், கீழே போயிருக்கும். அவள் இப்படிப் பார்க்கிறாள் என்றால் அவன் அத்தனை நாளும் தூரிகையைப் பிடித்துக்கொண்டு காது கேளாத தங்கையிடம் பேசிக்கொண்டேயிருந்திருக்கிறான். என்ன பேசியிருப்பான். பக்கத்து வீட்டுக்காரி என்ன சொன்னாள், மழை வருமா, சூப்பில் உப்பு கூட, காலரைச் சரி செய், கையை ஆட்டாதே, உன் முகத்தில் மூக்கு மட்டும் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. அவள் சிரித்திருப்பாள். சிரித்து ஒரு நொடி கழித்த முகம்தான் அது, இத்தனை மாதம் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. நான் அதைச் சோகம் என்று நினைத்தேன். மாட்டினவர்கள் வெள்ளை என்று நினைத்தார்கள்.

ரொசாலி என்று சொன்னேன். குரல் தொண்டையில் பிசிறியது, நாலு மாதமாகத் திறக்காத அலமாரி மாதிரி. ரொசாலி. அவள் கண் அகலமானது. ரொ என்னும்போது என் உதடு குவிந்தது, அவளுடையது அசைந்தது, குவியவில்லை, குவியப் பார்த்தது. இதைப் பெரிதாக நினைக்கக் கூடாது, நாலு மாதப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் பார்க்கும், காது கேட்கிற பிள்ளைகளும் பார்க்கும். பரவாயில்லை. இவள் எவ்வளவு நாளாக இப்படி என் வாயையே பார்த்து, மூடிக்கிடந்த வாயைப் பார்த்துப் பார்த்து. நான் எழுந்து அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே ஸ்டூலைக் காலால் தள்ளினேன், பிறகு பயந்து அவளைக் கட்டிலில் நடுவாகப் போட்டு இரண்டு பக்கமும் தலையணை அண்டக்கொடுத்துவிட்டு ஏறினேன். வயிறு இழுக்கவில்லை. சட்டத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன், எவ்வளவு லேசு, ஒரு தட்டு முறுக்கு எடை இருக்காது. பிளாஸ்திரி காகிதத்தோடு சேர்ந்து உரிந்து வந்தது. சீட்டு மடியில் விழுந்தது.

"நீயே ஏறிட்டியா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே." அத்தை வாசலில், தூக்கத்தில் கசங்கிய புடவையோடு, கையில் தூசி துடைக்க ஈரத்துணி. "கரன்ட் போனா ஒரு குரல் குடுக்கறதுக்கென்ன, வெந்து போயிட்டேன். ஐயையோ, காயிதம் ஏன் கிழிஞ்சிருக்கு? பிளாஸ்திரியா அது? மதாமுக்கு யாரு பிளாஸ்திரி போட்டது?" கிட்டே வந்து குனிந்தார். "என்னமோ எழுதியிருக்கே. ஜட்ஜ் பேரா?" நான் வாசித்தேன். முதலில் பிரெஞ்சில், ஸேர் எமிலியென் வாசிப்பதுபோல ஒரே தடவை, பிறகு தமிழில், மூன்று வரியையும். அத்தை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். "ஜட்ஜ் பொஞ்சாதி இல்லையா?" "இல்ல அத்தை." "யாரோ ஒருத்தன் தங்கச்சி." "ஆமா அத்தை." "செவிடு." நான் ரொசாலியைப் பார்த்தேன். "அடப்பாவிகளா, மூணு தலைமுறையா ஒரு செவிட்டுப் பொண்ணையா நாங்க காலைல எந்திரிச்சு…" சொல்லிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார், மடியிலிருந்த மஞ்சள் சீட்டைப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்றது. "அது என்ன?"

சொல்ல வேண்டும். அத்தை முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. ரொசாலியைத் தூக்கித் தொடைமேல் எனக்கு நேராக வைத்துக்கொண்டேன், தலைக்குப் பின்னால் ஒரு கை, என் வாய்க்கு நேராக அவள் கண் வந்து நின்றது. "ரொசா, இங்க பாரு," என்றேன். "அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ பொறந்த மூணாம் நாள் ஆஸ்பத்திரியில உன் காதுல ஒண்ணு வச்சுப் பாத்தாங்க. ரெண்டு காதும் வரலைன்னு சொன்னாங்க. ஒரு மாசத்துல மறுபடி கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நான் கூட்டிட்டுப் போகல. பயந்துட்டேன். சீட்டை மதாம் முதுகுல ஒளிச்சு வச்சிட்டேன். அப்பாகிட்டச் சொல்லல. பாட்டிகிட்டச் சொல்லல. உன்கிட்ட ஒண்ணுமே பேசல. நாலு மாசமா உனக்குப் பேச்சே குடுக்கல நான். நாளைக்குப் போறோம். காலைல முதல் ஆளாப் போறோம்." பக்கத்தில் அத்தை மூச்சுவிடும் சத்தம் கேட்டது. ஈரத்துணியிலிருந்து தரையில் ஒரு சொட்டு விழுந்தது. கத்துவார் என்று என் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. கத்தவில்லை. "பட்டாசு," என்றார். பிறகு, யாரிடமோ கேட்பதுபோல, "தெருவெல்லாம் கூப்ட்டுக் கூப்ட்டுக் காட்டுனனே." கை நீட்டி ரொசாலியின் காதை, அந்தச் சங்கை, சுண்டுவிரலால் தொட்டார். "உனக்கு வாயில்லையாடி? நாலு மாசமா ஒத்தையாவா வச்சிருந்த?" நான் திரும்பிப் பார்த்தேன், என்னை முறைத்தார், கண்ணெல்லாம் நிறைந்திருந்தது. "என்னை எதுக்குப் பாக்கற? அவளப் பாத்துச் சொல்லு. நாளைக்கு யாரு யாரு போறோம்னு சொல்லு. மெதுவாச் சொல்லு, நீ ஓட்டற ஓட்டத்துக்கு எனக்கே புரியல." நான் மெதுவாகச் சொன்னேன். நீ, நான், அப்பா, பாட்டி. பா என்னும்போது என் உதடு மூடித் திறந்தது, அவளுடையதும் மூடியது, ஒரு எச்சில் குமிழி வந்து உடைந்தது. வாசலில் கதவைத் தட்டினார்கள், பாரீஸ் அம்மா சீக்கிரமே வந்துவிட்டார்போல, வளையத்தைப் பிடித்துப் பலமாக, மூன்று தடவை. அத்தையும் நானும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பினோம். என் பார்வை திரும்பி வந்தபோது ரொசாலி அங்கேயே இருந்தாள், அடுத்தது என்ன என்று என் வாயைப் பார்த்துக்கொண்டு.